பிரிட்டனில் பொதுக்கொள்கை முதுகலை: பாடம் தேர்வதிலிருந்து விசா வரை

பிரிட்டனில் பொது நிர்வாகம், பொதுக்கொள்கை ஆகியவற்றில் முதுகலை பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கும். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்தால் முடிந்தது. மொத்தம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் 10 மணி நேர உழைப்பு என்பது அங்குள்ள கணக்கு. அதாவது 1,800 மணி நேரம், அதில் வகுப்பில் உட்காரும் நேரம் சொற்பம். மிச்சமெல்லாம் நாமே படிப்பதும் எழுதுவதும்.

இந்த ஓராண்டுக் கணக்குதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. போய் இறங்கிய பிறகு எனக்கு எது பிடிக்கிறது என்று தேடிப் பார்க்க அங்கே நேரம் இல்லை. இரண்டாம் பருவம் பாதி போவதற்குள் ஆய்வேட்டுத் தலைப்பைக் கேட்பார்கள். அதனால் எந்தப் பிரச்சினையைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கப் போகிறோம் என்பதை விமானம் ஏறும் முன்பு மட்டுமல்ல, விண்ணப்பம் எழுதும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். குடிநீரா, உள்ளாட்சி நிதியா, பள்ளிக்கல்வியா, மருத்துவமனைப் பணியாளர் பற்றாக்குறையா? பாடத் தேர்வு, எஸ்.ஓ.பி. (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு நாம் எழுதும் கட்டுரை), உதவித்தொகை நேர்காணல், ஆய்வேடு என நான்கும் அந்த ஒரு பதிலில்தான் நிற்கும்.

பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பொது நிர்வாக முதுகலை, பொதுக்கொள்கை முதுகலை, பொதுக்கொள்கையில் எம்.எஸ்சி. என்று பல பெயர்கள் உண்டு. பெயருக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள உறவு தளர்வானது. பொதுவாகச் சொன்னால், நிர்வாகம் என்று பெயர் வைத்த படிப்புகள் அமைப்புகளை நடத்துவதைப் பற்றியவை: நிதி, பணியாளர், ஒப்பந்தம், தலைமை. கொள்கை என்று பெயர் வைத்தவை பொருளியல், புள்ளியியல், மதிப்பீடு பக்கம் சாயும். ஆனால் விதிவிலக்குகள் ஏராளம். பல்கலைக்கழக இணையதளத்தில் பாடப் பட்டியலைத் திறந்து, கட்டாயப் பாடம் எவை, விருப்பப் பாடம் எவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் பிரச்சினையோடு தொடர்புள்ள விருப்பப் பாடம் குறைந்தது இரண்டு இல்லையென்றால், அந்த இடம் எவ்வளவு புகழ்பெற்றதானாலும் உங்களுக்கானது அல்ல.

சில இடங்களின் குணத்தைத் தெரிந்துகொள்வது உதவும். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964-இல் தொடங்கிய உள்ளாட்சி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. நகராட்சி, ஊராட்சி நிர்வாகம் பற்றி யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். சசெக்ஸில் 1966-இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனம் வளரும் நாடுகளின் ஆட்சிமுறையைப் பற்றியது. அங்கே நம் ஊர்ப் பிரச்சினையை முதலிலிருந்து விளக்க வேண்டிய அவசியம் இருக்காது. ஆக்ஸ்போர்டின் பிளவட்னிக் பள்ளி 2010-இல் நிறுவப்பட்டது; அதன் பொதுக்கொள்கை முதுகலைக்கு உலகெங்கிலும் இருந்து வருகிறார்கள், போட்டி கடுமை. லண்டன் பொருளியல் பள்ளியில் பொது நிர்வாக முதுகலை இரண்டு கல்வியாண்டு. பொதுக்கொள்கை முதுகலையோ ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்காக ஒன்பது மாதத்தில் முடிவது. இந்தக் கால வேறுபாடு சின்ன விஷயம்போலத் தெரியும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை 9 முதல் 12 மாதப் படிப்புக்கு மட்டுமே என்பதால், அந்த இரண்டாண்டுப் படிப்பைத் தேர்ந்தவர் அந்த உதவித்தொகைக்கே விண்ணப்பிக்க முடியாமல் போகிறது.

இன்னொன்று, தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய சிக்கல். பொது நிர்வாக முதுகலையின் சுருக்கத்தையும் வணிக மேலாண்மைப் பட்டத்தின் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் இரண்டும் எம்.பி.ஏ.தான். காதால் கேட்டாலும் வேறுபாடு தெரியாது. வங்கிக் கடன் விண்ணப்பத்திலும் உதவித்தொகைப் படிவத்திலும் சுருக்கத்தை எழுதாமல் பட்டத்தின் முழுப்பெயரை எழுதுங்கள்.

தகுதியும் தாள்களும்

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அவர்கள் ஊர்க் கணக்கில் இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கு இணையான இளநிலை மதிப்பெண் கேட்கும். இந்தியப் பட்டத்துக்கு அது எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்து 55 முதல் 65 விழுக்காடு வரை மாறும். இலங்கையில் படித்தவர்களுக்குப் பட்டத்தின் வகுப்பே நேரடியாக ஒப்பிடப்படும். இளநிலையில் எந்தத் துறை என்பது பெரிய தடை அல்ல. பொறியியல், வேளாண்மை, சமூகப்பணி, ஆங்கில இலக்கியம் படித்தவர்களும் சேர்கிறார்கள். கணிதம் விட்டுப் பல ஆண்டு ஆனவர்கள்தான் கவலைப்பட வேண்டும். அதைப் பிறகு சொல்கிறோம்.

ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகடமிக் தேர்வில் 6.5 அல்லது 7 போதும், ஆக்ஸ்போர்டு 7.5 கேட்கிறது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாக உள்ள குறைந்தபட்சத்தை விட்டுவிடுவது வழக்கமான தவறு. மொத்தம் 7 வாங்கியும் எழுத்துப் பகுதியில் 5.5 என்றால் இடம் கிடைக்காது. நம்மவர்களுக்கு மதிப்பெண் குறைவது பெரும்பாலும் எழுத்தில்தான், அதற்கே பயிற்சி நேரத்தில் பாதியை ஒதுக்குங்கள். சான்றிதழ் இரண்டாண்டுதான் செல்லும். சில பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்கும். எந்தத் தேர்வு வாரியம், எத்தனை மதிப்பெண் என்பதை அந்தந்தச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

முதுகலைக்குப் பொதுவான ஒரே விண்ணப்பம் கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே அனுப்ப வேண்டும். ஐந்துக்கு மேல் போனால் எஸ்.ஓ.பி.யின் தரம் விழும்.

பெயர் விஷயத்தில் தமிழர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் "கே. முருகன்" என்றும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரை விரித்து "முருகன் கருப்பசாமி" என்றும் இருக்கும். அல்லது பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். இணையப் படிவமோ அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. நாம் ஒரு புள்ளியையோ ஊர்ப் பெயரையோ போட்டுவிடுவோம். அது அப்படியே சேர்க்கைக் கடிதத்துக்குப் போய், அங்கிருந்து விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சி.ஏ.எஸ். என்ற சேர்க்கை உறுதி ஆவணத்துக்கும் போய்விடும். விதி எளியது: எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர். படிவம் அனுமதிக்காவிட்டால் ஏதாவது ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டு, அன்றைக்கே பாஸ்போர்ட் நகலுடன் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். சி.ஏ.எஸ். வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெயரும் பாஸ்போர்ட் எண்ணும்தான்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு வேண்டும். துறைத்தலைவர் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்வது நம் கல்லூரிகளில் சாதாரணம். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கடிதம் பரிந்துரைப்பவரின் அலுவலக மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பு வழியாகத்தான் போகும்; ஜிமெயில் முகவரியைப் பல இடங்களில் ஏற்பதில்லை. மாணவரின் எஸ்.ஓ.பி. நடையும் கடிதத்தின் நடையும் ஒன்றாக இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக, நீங்கள் செய்த ஆய்வு அறிக்கை, களப்பணி, மதிப்பெண் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் குறித்து அவரிடம் கொடுங்கள். நான்கு வாரமாவது அவகாசம் வையுங்கள்.

எஸ்.ஓ.பி.: ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம்

விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வழக்கமாக வருவது இப்படி: "சிறு வயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு. காலை உணவுத் திட்டம் போன்ற நல்ல திட்டங்கள் என்னைக் கவர்ந்தன. உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் படித்து என் நாட்டுக்குத் தொண்டாற்ற விரும்புகிறேன்." இதில் தவறான வாக்கியம் எதுவும் இல்லை. ஆனால் எழுதியவர் யார் என்றே தெரியாது. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

அதே காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அது 2022 செப்டம்பர் 15-இல் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. கொள்கை படிக்க வருகிறவர் கண்ணுக்கு இதில் ஒன்று பளிச்சென்று தெரிய வேண்டும்: ஏறக்குறைய ஓராண்டு காலம் சில பள்ளிகளில் திட்டம் இருந்தது, மற்றவற்றில் இல்லை. அப்படியானால் இரண்டு வகைப் பள்ளிகளின் வருகைப் பதிவையும் ஒப்பிட்டு, உணவால் வருகை கூடியதா என்று கேட்கலாம். ஆனால் முதல் கட்டப் பள்ளிகள் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை அல்ல. மாநகராட்சி, நகராட்சி, மலைப்பகுதி என்று குறிவைத்துத் தேர்ந்தவை. ஆகவே நேரடி ஒப்பீடு தவறான பதிலைத் தரலாம். "இதைச் சரியாக ஒப்பிடும் முறை எனக்குத் தெரியவில்லை, உங்கள் துறையின் கொள்கை மதிப்பீட்டுப் பாடம் அதைத்தான் கற்றுத்தருகிறது" என்று எழுதினால், ஒரே பத்தியில் களமும், கேள்வியும், உங்களுக்கு எது தெரியாது என்பதும், ஏன் இந்தப் படிப்பு என்பதும் வந்துவிடுகின்றன. சேர்க்கைக் குழு தேடுவது இதைத்தான்.

நீங்கள் வேறு பிரச்சினையை எடுக்கலாம், முறை இதுவே. ஒரு திட்டம் அல்லது ஒரு அலுவலகம், அதில் நீங்கள் கண்ணால் கண்ட ஒரு சிக்கல், அதைப் புரிந்துகொள்ளக் குறைகிற கருவி, அந்தக் கருவியைக் கற்பிக்கும் பாடம். ஆயிரம் சொல்லுக்குள் முடியும். தலைவர்களின் பொன்மொழியோடு தொடங்குவதை விட்டுவிடுங்கள். ஏஜென்ட் எழுதித் தரும் எஸ்.ஓ.பி.யும் வேண்டாம். பல ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம்தான். அவர்கள் காட்டும் பட்டியலில் தங்களோடு ஒப்பந்தம் உள்ள இடங்களே இருக்கும்.

பணம் எங்கிருந்து

வெளிநாட்டு மாணவருக்குக் கல்விக் கட்டணம் சுமாராக 20,000 முதல் 35,000 பவுண்டு. லண்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் சில படிப்புகள் இதற்கும் மேலே. ஆகவே உதவித்தொகை முயற்சியைச் சேர்க்கைக்கு முன்பே தொடங்க வேண்டும்.

செவனிங்: பிரிட்டன் அரசின் உதவித்தொகை, 1983 முதல் நடக்கிறது. கல்விக் கட்டணம், மாதப்படி, பயணச் செலவு எல்லாம் அடங்கும். ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள், அதாவது வகுப்பு தொடங்க ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே. 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். பகுதிநேரம், தன்னார்வப் பணி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடலாம். மூன்று படிப்புகளைக் குறிப்பிட வேண்டும். மூன்றும் ஒரே திசையில் இருக்கட்டும். ஒன்று பொதுக்கொள்கை, ஒன்று ஊடகவியல், ஒன்று சுற்றுலா என்றால் நேர்காணலில் பதில் சொல்ல முடியாது. படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். இதை ஏற்க மனமில்லாதவர் விண்ணப்பிக்காமல் இருப்பதே நேர்மை.

காமன்வெல்த் பகிர்வு உதவித்தொகை, சொந்தச் செலவில் பிரிட்டனில் படிக்க வசதியில்லாதவர்களுக்கானது. குறிப்பிட்ட பல்கலைக்கழகங்களின் குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் வரும் பட்டியலில் உங்கள் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்தினருக்கு உரியது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை அண்ணல் அம்பேத்கர் பெயரில் தரும் அயலக உயர்கல்வி உதவித்தொகையையும் தகுதியுள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். சாதிச் சான்றிதழ், நடப்பு வருமானச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே இ-சேவை மையத்தில் எடுத்து வையுங்கள். கடைசி நாளில் அலைய வைப்பது இந்த இரண்டும்தான்.

இந்தியாவிலிருந்து சொந்தப் பணத்தை அனுப்பினால் நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். அது கூடுதல் வரி அல்ல. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் அந்தப் பிடித்தம் இல்லை.

விசாவில் 28 நாள் கணக்கு

சேர்க்கை உறுதியாகி முன்பணம் கட்டியதும் பல்கலைக்கழகம் சி.ஏ.எஸ். எண் தரும். அதை வைத்து மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கிறோம். விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்டு ஆனது. ஏப்ரல் தோறும் மாற வாய்ப்புள்ளது. இதோடு சுகாதாரக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. விசா படிப்புக்கு முன்னும் பின்னும் சில மாதம் சேர்த்துக் கிடைப்பதால் ஓராண்டுப் படிப்புக்கு ஒன்றரை ஆண்டுக் கணக்கில் 1,164 பவுண்டு கட்ட வேண்டிவரும். பலர் 776 என்றே நினைத்துப் பணம் வைத்துவிட்டு அந்த நேரத்தில் திணறுகிறார்கள். இந்தியா, இலங்கை இரண்டுக்கும் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் கட்டாயம்; பிரிட்டன் அங்கீகரித்த மருத்துவமனைகளில் மட்டும் எடுக்க வேண்டும், ஆறு மாதம் செல்லும்.

விண்ணப்பங்கள் அதிகம் அடிபடுவது நிதிச் சான்றில். 2025 நவம்பர் விதிப்படி வாழ்க்கைச் செலவுக்கு மாதம் லண்டனில் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு. அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்குக் காட்டினால் போதும். பர்மிங்காமில் கட்டணம் 25,000 என்றும், 3,000 முன்பணம் கட்டியாயிற்று என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 22,000, ஒன்பது மாதத்துக்கு 10,539. ஆக 32,539 பவுண்டு கணக்கில் இருக்க வேண்டும்.

இருந்தால் மட்டும் போதாது, தொடர்ச்சியாக 28 நாள் இருக்க வேண்டும். ஜூன் 3-இல் முழுத்தொகையும் வந்துவிட்டால் ஜூன் 30-இல் 28 நாள் நிறையும். அன்றைய தேதியோடு முடியும் வங்கி அறிக்கையை வைத்து 31 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நடுவில் ஜூன் 20-இல் அப்பாவின் வீட்டுக்கடன் தவணை தானாகக் கழிந்து, ஒரே ஒரு நாள் இருப்பு அந்த எல்லைக்குக் கீழே போனாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். ரூபாய் மதிப்பும் நாளுக்கு நாள் மாறும். விசா அலுவலர் பார்ப்பது ஒவாண்டா இணையதளத்தின் மாற்று விகிதம். எனவே தேவையைவிட ஐந்து விழுக்காடாவது கூடுதலாக வைத்து, 28 நாளும் கைவைக்காத ஒரு தனிக் கணக்கில் போடுங்கள்.

கணக்கு மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும். பெற்றோர் என்றால் பிறப்புச் சான்றிதழும் ஒப்புதல் கடிதமும் சேர்க்க வேண்டும். மாமா, அண்ணன் கணக்கு செல்லாது. நகை, நிலப் பத்திரம், சீட்டு, பங்கு எதுவும் செல்லாது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய வைப்புநிதி செல்லும். வங்கிக் கல்விக் கடன் என்றால் 28 நாள் விதி கிடையாது. கடன் ஒப்புதல் கடிதம் ஆறு மாதத்துக்குள் தரப்பட்டதாக இருந்தால் போதும். ஆனால் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். "அடமானப் பத்திரம் பதிவான பின்னரே தொகை வழங்கப்படும்" என்பதுபோல நிபந்தனை இருந்தால் சிக்கல். பதிவை முடித்து, நிபந்தனை இல்லாத புதுக் கடிதம் வாங்கிய பிறகே விண்ணப்பியுங்கள்.

2024 ஜனவரி முதல், பாடவகுப்பு முதுகலைக்குப் போகிறவர்கள் கணவனையோ மனைவியையோ குழந்தைகளையோ உடன் அழைத்துச் செல்ல முடியாது. அரசின் முழு உதவித்தொகை பெறுபவர்களுக்கு மட்டும் விலக்கு. குடும்பத்தோடு போகலாம் என்று பழைய அனுபவத்தை வைத்து யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

போகும் முன் மூன்று மாதம்

இடமும் விசாவும் கிடைத்த பிறகு பலர் துணிமணியும் மசாலாப் பொடியும் மட்டும் கட்டுகிறார்கள். அந்த நேரத்தில் புள்ளியியலைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். சராசரி, திட்டவிலக்கம், மாதிரி எடுத்தல், பின்னடைவு ஆய்வு (ரிக்ரெஷன்) வரை தெரிந்திருந்தால் முதல் பருவம் தாங்கும். ஆர் என்ற மென்பொருள் இலவசம். கணினியில் ஏற்றி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்ட அட்டவணை ஒன்றை அதில் திறந்து பழகுங்கள். முதல் பருவத்தில் நம் மாணவர்கள் தடுமாறுவது ஆங்கிலத்தில் என்று நினைப்போம். உண்மையில் இந்தப் பாடத்திலும், எழுதும் முறையிலும்தான்.

எழுதும் முறை என்றால் இரண்டு. ஒன்று, கொள்கைக் குறிப்பு: ஓர் அமைச்சருக்கோ ஆணையருக்கோ இரண்டு பக்கத்தில், பரிந்துரையை முதல் பத்தியிலேயே சொல்லி எழுதுவது. வரலாற்றிலிருந்து தொடங்கி முடிவில் கருத்தைச் சொல்லும் நம் தேர்வுப் பழக்கம் அங்கே மதிப்பெண் தராது. இரண்டு, மேற்கோள். பிறர் எழுதிய ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறியின்றி எடுத்தாலும் டர்னிட்டின் என்ற மென்பொருள் காட்டிவிடும்; கீழே நூல் பெயரைக் கொடுத்திருந்தாலும் அது குற்றமே. மனப்பாடத்தைப் பாராட்டும் கல்வியிலிருந்து போகிறவர்கள் இதில் தெரியாமலே மாட்டிக்கொள்கிறார்கள்.

வேலை விதி: பருவ நாள்களில் வாரம் 20 மணி நேரம் வரை. முதுகலை மாணவருக்கு ஆய்வேடு எழுதும் கோடைக்காலமும் பருவ நாளாகவே கணக்காகும் என்பதால் ஜூன் வந்ததும் முழுநேர வேலைக்குப் போய்விடக் கூடாது. சொந்தத் தொழிலும் ஃப்ரீலான்ஸ் வேலையும், இந்திய நிறுவனத்துக்கு அறையிலிருந்து செய்தாலும்கூட, அனுமதியில்லை.

படிப்பு முடிந்தபின் அங்கே வேலை தேட கிராஜுவேட் விசா இரண்டாண்டு கிடைக்கிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். ஊர் திரும்புகிறவர்களுக்கு, ஓராண்டுப் பட்டம் இங்கே செல்லுமா என்ற பழைய கவலை 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் செய்த தகுதி ஏற்பு ஒப்பந்தத்தால் பெரிதும் தீர்ந்தது. அரசுப் பணியில் இருந்துகொண்டு போகிறவர்கள், படிப்பு விடுப்புக்கும் தடையின்மைச் சான்றுக்கும் விண்ணப்பம் எழுதும் மாதத்திலேயே துறையில் கோப்பைத் தொடங்கிவிடுங்கள். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு தொடங்கிய கோப்பு வகுப்புக்கு முன் நகர்ந்து முடிவது அரிது.